ஹிரோஷிமாவில் எஞ்சியோரும் அவர்தம் உரிமைப் போரும்

பேரழிவுகளைக் கூறும் வரலாற்று நூல்கள் இரண்டு நாள்களைப் பெரிதும் விரும்புகின்றன. ஒன்று, அழிவு நிகழ்ந்த நாள். மற்றொன்று, அழிந்த நகரம் மீண்டும் எழுந்து நின்ற நாள். இவ்விரு நாள்களுக்கும் இடையில் உயிர் வாழ்ந்த மக்களைப் பற்றி அவை கூறுவது சொற்பமே. ஹிரோஷிமாவைப் பற்றி நமது வகுப்பறைகளிற் சொல்லப்படுவதும் இம்முறையிலேயே அமைந்துள்ளது. வானளாவிய புகைமண்டலத்தின் படமொன்று. எலும்புக்கூடு போன்று நிற்கும் மண்டபமொன்றின் படம். அதன்பின், யப்பானியர் சோர்ந்துவிடாது உழைத்தனர், சாம்பலிலிருந்து எழுந்தனர், நீங்களும் அவ்வாறே உழைத்து முன்னேறுங்கள் என்னும் அறிவுரை.

இவ்வறிவுரை பொய்யன்று. ஆயினும் அது வரலாற்றின் ஒரு பாதியை மறைத்துவிடுகின்றது. நகரம் மீண்டதும் நகரில் எஞ்சிய மக்கள் மீண்டதும் ஒரே நிகழ்ச்சியல்ல. வீதிகளும் பாலங்களும் வங்கிகளும் சில ஆண்டுகளில் மீண்டன. குண்டுக்கு ஆளாகியும் உயிர் பிழைத்தோர் தமது வாழ்வை மீளக் கட்டியெழுப்பப் பல பத்தாண்டுகள் எடுத்தன. அதுவும், பிறரது இரக்கத்துக்குரியோர் என்ற நிலையிலிருந்து உரிமை கோரும் மக்கட் கூட்டம் என்ற நிலைக்கு அவர்கள் தம்மைத் தாமே உயர்த்திக்கொண்ட பின்னரே இயல்வதாயிற்று. அவ்வளர்ச்சியின் வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் குறிக்கோளாகும்.

1945ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆம் நாள் காலை 8.15க்கு ஹிரோஷிமாவின் மீது அமெரிக்க விமானம் அணுகுண்டை வீசியபோது, அந்நகரில் ஏறத்தாழ 350,000 மக்கள் இருந்தனர். அவ்வாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 140,000 பேர் மாண்டனர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. மூன்று நாள்களின் பின் நாகசாக்கியில் வீசப்பட்ட குண்டு ஏறத்தாழ 70,000 உயிர்களைக் குடித்தது. இவ்வெண்களை மனப்பாடம் செய்துகொள்வதோடு நாம் நின்றுவிடலாகாது. மாண்டவர் யாவர் என்ற வினாவையும் எழுப்புதல் வேண்டும். விமானத் தாக்குதலால் தீ பரவுவதைத் தடுக்கும் பொருட்டு வீடுகளை இடித்து வெளிகளை உண்டாக்கும் வேலைக்கு அன்று காலை நகரின் நடுப்பகுதிக்கு அனுப்பப்பட்டவர்கள் பாடசாலைப் பிள்ளைகள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதினரான அப்பிள்ளைகளுள் 6,000க்கும் அதிகமானோர் இறந்தனர். ஆசிரியர்களும் அவர்களோடு மாண்டனர். அந்நகரின் தொழிற்சாலைகளிலும் படைமுகாம்களிலும், அடிமைப்படுத்தப்பட்ட கொரியாவிலிருந்து கொண்டுவரப்பட்டோரும் பிழைப்புத் தேடி வந்தோருமாகப் பல்லாயிரவர் உழைத்துக்கொண்டிருந்தனர். குண்டை வீசியது ஓர் ஏகாதிபத்தியம். இம்மக்களைக் குண்டின் கீழ்க் கொண்டுபோய் நிறுத்தியது மற்றோர் ஏகாதிபத்தியம். இவ்விரண்டையும் ஒருங்கே காணாதவர்க்குப் பின்னர் நடந்தவை விளங்கமாட்டா.

எஞ்சியோர் செயலற்று அமர்ந்துவிட்டனர் என்று கருதுதல் தவறு. யப்பான் வங்கியின் ஹிரோஷிமாக் கிளை ஓகஸ்ட் 8ஆம் நாளே மீண்டும் திறக்கப்பட்டது. ஓகஸ்ட் 9ஆம் நாள், குண்டு விழுந்து மூன்றே நாள்களில், ஒரு சிறு தூரத்துக்கு டிராம் வண்டி மீண்டும் ஓடியது. ஆடவர் போர்முனைக்குச் சென்றுவிட்டமையால், டிராம் கம்பனி நடத்திய பெண்கள் பாடசாலையின் மாணவிகளே அக்காலத்தில் வண்டியோட்டிகளாகவும் நடத்துநராகவும் பணிபுரிந்து வந்தனர். குண்டுக்குத் தப்பிய மாணவிகள் சிலர் அவ்வண்டிகளில் மீண்டும் ஏறி நின்றனர். செப்டெம்பர் 17ஆம் நாள் அப்பகுதியைப் பெரும் சூறாவளி தாக்கியது. ஹிரோஷிமா மாகாணத்தில் மாத்திரம் 2,000 பேருக்கு மேல் அதனால் இறந்தனர். நோயாளரை ஆராய வந்திருந்த கியோத்தோப் பல்கலைக்கழகக் குழுவினர் சிலரும் அவ்வெள்ளத்தில் அள்ளுண்டனர். இத்தனைக்கும் பின்னரே தகரத்தையும் எரிந்த மரத்தையும் கொண்டு மக்கள் குடிசைகளை அமைத்தனர். உழைக்கும் மக்களின் இவ்வாற்றலை எவரும் மறுத்தல் இயலாது. ஆனால், இவ்வுழைப்பின் பயன் எவரைச் சென்றடைந்தது?

1949ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமா அமைதி நினைவு நகர் அமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இதற்காக நகர மக்களின் வாக்கும் பெறப்பட்டது. அரசுக்கும் பழைய இராணுவத்துக்கும் உரியனவாயிருந்த காணிகளை மாநகர சபை விலையின்றிப் பெறவும் அரசின் நிதியுதவியைப் பெறவும் இச்சட்டம் வழிவகுத்தது. டாங்கே கென்சோ என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி அமைதிப் பூங்காவும் நினைவு மண்டபமும் எழுந்தன. 100 மீற்றர் அகலமான பெருவீதியொன்று நகரை ஊடறுத்துச் சென்றது. உலகம் இவற்றைக் கண்டு வியந்தது. இன்று பூங்காவாகக் காட்சியளிக்கும் நிலம், குண்டு விழுமுன் கடைகளும் வீடுகளும் நிறைந்த நாக்காஜிமாப் பகுதியாகும். அங்கு மீண்டும் குடிசையமைத்து வாழ்ந்தோர் பூங்காவின் பொருட்டு வெளியேற வேண்டியவராயினர். ஒதுங்க இடமற்ற ஏழைகள் மோத்தோமாச்சி ஆற்றங்கரையிற் பலகை வீடுகளை நெருக்கமாக அமைத்தனர். அவ்விடத்தை நகரத்தார் ‘அணுகுண்டுச் சேரி’ என்றே அழைத்தனர். அச்சேரியிருந்த பகுதியில் அடுக்குமாடி வீடுகளைக் கட்டும் வேலை 1969இல் தொடங்கி 1978இலேயே நிறைவெய்தியது. அமைதியின் பெயரால் எழுந்த நகரில், அணுகுண்டுக்கு ஆளானோர் உட்பட ஏழைகள் கால் நூற்றாண்டுக்கு மேல் சேரியில் வாழ்ந்தனர் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

வீட்டைவிடக் கொடியதாயிருந்தது உடலின் நிலை. தீப்புண் ஆறிய இடத்தில் தழும்புகள் தடித்து வளர்ந்தன. சில ஆண்டுகளின் பின் இரத்தப் புற்றுநோய் தலைகாட்டியது. வெளித்தோற்றத்தில் ஒரு நோயும் இல்லாதவர்கள் கூடத் தாங்கவொண்ணாத சோர்வினால் வாடினர். காரணம் புலப்படாமையால் சோம்பேறிகள் என்ற வசை அவர்களுக்குக் கிடைத்தது. கூலி வேலையினாலேயே உயிர் வாழ்பவனுக்குச் சோர்வு என்பது பட்டினியின் மறுபெயர். தொழில் தருவோர் அவர்களை ஒதுக்கினர். பிறக்கும் பிள்ளைகள் ஊனமுறுவர் என்ற அச்சம் பரவியமையால் திருமணப் பேச்சுகள் முறிந்தன. தாம் அன்று அந்நகரில் இருந்ததையே பலர் மறைத்து வாழ்ந்தனர். பாதிக்கப்பட்டவர் பாதிப்பை மறைக்க நேர்வது, பாதிப்பின் மேல் ஏற்றப்பட்ட மற்றொரு பாரமாகும்.

1947இல் அமெரிக்கர் அணுகுண்டினால் உண்டான பாதிப்புகளை ஆராயும் குழுவொன்றின் நிலையத்தை ஹிரோஷிமாவில் நிறுவினர். அந்நிலையம் எஞ்சியோரை அழைத்துச் சென்று பரிசோதித்தது, இரத்தம் எடுத்தது, படம் பிடித்தது, மரணமடைந்தோரின் உடல்களை ஆய்வுக்கு வேண்டி நின்றது. ஆனால், சிகிச்சை அளிப்பது அதன் பணியாக இருக்கவில்லை. அறிவியல் வளர்ச்சிக்கு அவ்வாய்வுகள் பெரிதும் உதவின என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். கதிரியக்கத்தின் தீங்கு பற்றி இன்று உலகம் அறிந்துள்ளவற்றுட் பெரும்பகுதி அவ்வுடல்களிலிருந்து பெறப்பட்டதே. அறிவை ஈந்தவர்க்கு மருந்தில்லை என்ற அந்த நிலைமையே, எஞ்சியோரின் நெஞ்சில் முதலில் நியாய உணர்வைத் தட்டியெழுப்பியது எனலாம்.

அவ்வுணர்வை வெளியிட வழி இருந்ததா? 1945 செப்டெம்பரில் ஆக்கிரமிப்புப் படை பத்திரிகைகளுக்கு விதித்த கட்டுப்பாடு, அணுகுண்டின் கொடுமை பற்றிய எழுத்துக்கு முட்டுக்கட்டையாயிற்று. இந்நிலையில் மௌனத்தை முதலில் உடைத்தவர்கள் எழுத்தாளர்களும் ஆசிரியர்களுமே. பெண் எழுத்தாளரான ஓத்தா யோக்கோ, தாம் கண்டதை ‘பிணங்களின் நகரம்’ என்னும் நூலாக உடனடியாகவே எழுதினார். 1948இல் அது வெளிவந்தபோது சில பகுதிகள் நீக்கப்பட்டிருந்தன. ஹாரா தாமிக்கியின் ‘கோடைப் பூக்கள்’ 1947இல் வெளியாயிற்று. 1951இல் அவர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். தொழிலாளர் இயக்கத்தோடு தொடர்புபூண்ட கவிஞர் தோகே சங்கிச்சி, தமது ‘அணுகுண்டுக் கவிதைகள்’ தொகுதியை 1951இல் சுருளச்சுப் பிரதியாகவே வெளியிட்டார்; ஈராண்டுகளில் இறந்தார்.

அதே 1951இல், ஹிரோஷிமாப் பல்கலைக்கழகத்தின் கல்வியியற் பேராசிரியரும் தாமே குண்டுக்கு ஆளானவருமான ஒசாதா அராத்தா, பிள்ளைகள் எழுதிய அனுபவக் கட்டுரைகளைத் திரட்டி ‘அணுகுண்டின் பிள்ளைகள்’ என்ற நூலாக்கினார். யப்பானிய ஆசிரியர் சங்கம் தன் பொருளைக் கொண்டு 1953இல் ‘ஹிரோஷிமா’ என்னும் திரைப்படத்தைத் தயாரித்தது. அந்நகர மக்கள் பல்லாயிரவர் அதில் தாமே வந்து நடித்தனர். இலக்கியம் துன்பத்தை அழகுபடுத்தியது என்று இதனைக் கொள்ளலாகாது. தனித்தனி வீடுகளில் வெட்கத்தோடு மறைக்கப்பட்ட துன்பம் ஒரு பொது உண்மையென்று இவ்வெழுத்துகள் காட்டின. தன் தழும்பு தன் தலைவிதியன்று என்பதை ஒருவன் உணர்வதற்கு, அதே தழும்புடைய மற்றொருவன் எழுதியதைப் படித்தல் வேண்டும். இயக்கம் பிறக்குமுன் சொல் பிறந்தது.

இனி, அரசுகள் செய்தனவற்றை நோக்குவோம். 1951 செப்டெம்பரில் சான்பிரான்சிஸ்கோ நகரில் யப்பானோடு சமாதான உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அம்மாநாட்டில் இலங்கையின் நிதியமைச்சராயிருந்த ஜே. ஆர். ஜயவர்த்தனா, பகையைப் பகையால் தணித்தல் இயலாது என்னும் பௌத்த போதனையை எடுத்துக்காட்டி, இலங்கை யப்பானிடம் நட்டஈடு கோராது என அறிவித்தமை நாம் அறிந்ததே. யப்பானியர் அதனை நன்றியோடு நினைவுகூர்ந்து வந்துள்ளனர். அதே உடன்படிக்கையின் 19ஆம் பிரிவை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அப்பிரிவின் மூலம் யப்பானிய அரசு, போரின் காரணமாக நேச நாடுகளிடம் தானும் தன் குடிமக்களும் கோரக்கூடிய உரித்துகள் யாவற்றையும் கைவிட்டது. அணுகுண்டால் கண்ணிழந்தவரின் உரித்தும் அவற்றுள் அடங்கும்.

மன்னித்தல் உயர்ந்த பண்பு. ஆனால், ஓர் அரசு மற்றோர் அரசை மன்னிக்கும்போது, அம்மன்னிப்புக்கு விலை கொடுப்பவர் யார் என்பதே வினா. தன் குடிமக்களின் சார்பில் உரித்தைக் கைவிட்ட அரசு, அவர்களுக்குத் தானே ஈடுசெய்யும் கடப்பாட்டை ஏற்றிருத்தல் வேண்டும். யப்பானிய அரசு அதனை ஏற்கவில்லை. 1952இல் காயமுற்ற படையினருக்கும் மாண்ட படையினரின் குடும்பங்களுக்கும் உதவும் சட்டம் நிறைவேறிற்று. 1953இல் பழைய இராணுவ ஓய்வூதியமும் மீண்டது. பெருந்தளபதிகளுக்கு அரசின் கருவூலம் திறந்தது; வீடு இடிக்கச் சென்று செத்த பிள்ளைகளின் தாய்மாரும் தழும்பேறிய கூலித் தொழிலாளரும் அந்நாளில் அவ்வாசலுக்கு வெளியே நின்றனர். போரை நடத்தியவர்க்கும் போருக்கு இரையானவர்க்கும் இடையே வகுக்கப்பட்ட இவ்வேறுபாட்டை வர்க்க வேறுபாடு என்று கூறாமல் வேறென்ன கூறுவது?

திருப்பம் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1954 மார்ச் 1ஆம் நாள் பிகினித் தீவில் அமெரிக்கா ஐதரசன் குண்டொன்றைச் சோதித்தது. அதன் சாம்பல், 23 பேரைக் கொண்ட யப்பானிய மீன்பிடிப் படகொன்றின் மீது வீழ்ந்தது. அப்படகின் வானொலி இயக்குநர் குபோயாமா ஐக்கிச்சி செப்டெம்பரில் உயிர் நீத்தார். மக்கள் அன்றாடம் உண்ணும் மீனில் நஞ்சு கலந்தது என்ற செய்தி நாடெங்கும் பரவியது. டோக்கியோவின் சுகினாமிப் பகுதியில் குடும்பப் பெண்கள் தொடங்கிய கையொப்ப இயக்கம் காட்டுத்தீயெனப் படர்ந்து, 1955 ஓகஸ்டுக்குள் மூன்று கோடிக்கு மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டியது. அவ்வாண்டு ஓகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமாவில் முதலாவது உலக மாநாடு கூடிற்று. அங்கே எஞ்சியோர் மேடையேறித் தம் கதையைக் கூறினர். பத்தாண்டுகளாக அடைபட்டுக் கிடந்த குரலை நாடு முழுவதும் கேட்டது.

மறு ஆண்டு, 1956 ஓகஸ்ட் 10ஆம் நாள், நாகசாக்கியில் எஞ்சியோரின் தேசிய அமைப்பான நிஹோன் ஹிதாங்க்கியோ உதயமாயிற்று. தமது அனுபவத்தைக் கொண்டு மனிதகுலத்தைக் காப்பதன் மூலம் தம்மையும் காத்துக்கொள்வோம் என்பது அவர்களது பிரகடனத்தின் சாரம். ஊன்றி நோக்கின், இதில் இரு கோரிக்கைகள் பிணைந்துள்ளமை புலனாகும். ஒன்று, தமக்கு நேர்ந்தது எவர்க்கும் நேரலாகாது என்பது. மற்றொன்று, தமக்கு நேர்ந்ததற்கு அரசு ஈடுசெய்தல் வேண்டும் என்பது. ஒன்று அறத்தின் குரல், மற்றது வயிற்றின் குரல் என்று பிரித்துப் பார்ப்போர் உளர். எஞ்சியோர் அவ்வாறு பிரிக்கவில்லை. போர் செய்தால் பாதிக்கப்பட்டோர்க்கு ஈடு கொடுக்க வேண்டும் என்ற நிலை உறுதியாயின் அரசுகள் போர் செய்ய அஞ்சும் என்பதே அவர்களது வாதம்.

அமைப்பாகத் திரண்டதன் பயன் விரைவிலேயே தெரிந்தது. 1957இல் அணுகுண்டு மருத்துவச் சட்டம் நிறைவேறிற்று. எஞ்சியோருக்குச் சுகாதாரப் புத்தகம் ஒன்று வழங்கப்பட்டது. அதனை வைத்திருப்போர் இலவசப் பரிசோதனையும், குண்டினால் விளைந்ததென ஏற்கப்பட்ட நோய்களுக்குச் சிகிச்சையும் பெற்றனர். 1968இல் வேறொரு சட்டம் சில உதவிப் பணங்களை வழங்கியது. எனினும், புத்தகம் பெறுதல் எளிதன்று. அன்று எங்கே நின்றார், எத்தனை கிலோமீற்றருக்குள் நின்றார், எந்நாளில் நகருக்குள் நுழைந்தார் என்பவற்றை நிறுவுதல் வேண்டும். பொதுவாகச் சாட்சிகளும் வேண்டும். குடும்பத்தார் அனைவரையும் அயலார் அனைவரையும் இழந்தவனுக்குச் சாட்சி சொல்வார் யார்? மகளின் திருமணம் தடைப்படும் என்றஞ்சி விண்ணப்பிக்காது விட்ட பெற்றோரும் பலர்.

நீதிமன்றத்தின் வாயிலும் தட்டப்பட்டது. எஞ்சியோர் ஐவர் 1955இல் யப்பானிய அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 1963 டிசெம்பர் 7ஆம் நாள் தீர்ப்பளித்தது. ஹிரோஷிமா, நாகசாக்கி மீது குண்டு வீசியமை சர்வதேசச் சட்டத்துக்கு முரணானது என்று அத்தீர்ப்பு அறுதியிட்டுக் கூறிற்று. ஆனால், தனியாட்கள் அதன்பேரில் நட்டஈடு கோரச் சட்டத்தில் இடமில்லை என வழக்கைத் தள்ளுபடி செய்தது. எஞ்சியோருக்கு உதவுவது சட்டமன்றத்தினதும் அரசினதும் கடன் என்று குறிப்பிட்ட நீதிபதிகள், நாட்டின் அரசியல் வறுமையை எண்ணி வருந்துவதாகவும் எழுதிவைத்தனர். வழக்கில் தோற்றவர்கள் வரலாற்றில் வென்றனர். அத்தீர்ப்பின் சட்ட முடிவு இன்றும் உலக நாடுகளில் எடுத்தாளப்படுகின்றது.

முற்போக்காளராகிய நாம் மறைக்காது பேச வேண்டிய பகுதியொன்றும் இவ்வரலாற்றில் உண்டு. அணுகுண்டு எதிர்ப்பு இயக்கம் 1960களின் முற்பகுதியிற் பிளவுண்டது. சோவியத் யூனியனின் குண்டுச் சோதனைகளையும் கண்டித்தல் வேண்டுமா, 1963ஆம் ஆண்டின் பகுதிச் சோதனைத் தடை உடன்படிக்கையை ஆதரித்தல் தகுமா என்ற வினாக்களில் சோசலிஸ்டுக் கட்சியினரும் கம்யூனிஸ்டுக் கட்சியினரும் மோதினர். 1965இல் இயக்கத்தின் ஒரு பகுதி தனி அமைப்பாகவே பிரிந்தது. கோட்பாட்டு வாதங்கள் அவசியமற்றவை என்று நாம் கூறவில்லை. ஆனால், எவருடைய பெயரால் மாநாடு கூடிற்றோ அவர்களே அவ்வாதத்தில் பின்தள்ளப்பட்டனர். ஹிரோஷிமாவில் எஞ்சியோரின் மாகாண அமைப்பும் ஒரே பெயரில் இரண்டாயிற்று. எனினும் தேசிய அமைப்பான ஹிதாங்க்கியோ உடையாது நிலைத்தது. எந்நாட்டுக் குண்டாயினும் தசையை ஒரேவிதமாகவே எரிக்கும் என்பதைத் தம் உடலினால் அறிந்தவர்கள், கட்சிகள் விளங்கிக்கொள்ளுமுன் அவ்வுண்மையை விளங்கிக்கொண்டிருந்தனர். மக்களை வழிநடத்த விரும்புவோர் அம்மக்களிடமிருந்து கற்கவும் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

எஞ்சியோருள்ளும் ஒதுக்கப்பட்டோர் இருந்தனர் என்பதை மறத்தலாகாது. குண்டுக்குத் தப்பிய கொரியருட் பெரும்பாலோர் போர் முடிந்ததும் தாயகம் திரும்பினர். அங்கே அவர்களுக்கு மருத்துவமும் இல்லை, உதவியும் இல்லை. அணுகுண்டு தமது விடுதலையை விரைவுபடுத்தியது என்று பலரும் கருதிய நாட்டில், அக்குண்டினால் எரிந்தவரின் முறையீட்டைக் கேட்க ஆளில்லை. 1967இல் அவர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். 1970இல் சொன் ஜின்-து என்னும் கொரியர், சிகிச்சை பெறும் நோக்கத்தோடு அனுமதியின்றி யப்பானுக்குள் நுழைந்து கைதானார். தமக்கும் சுகாதாரப் புத்தகம் வேண்டும் என்று வழக்குத் தொடுத்தார். 1978 மார்ச் மாதம் யப்பானிய உச்ச நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மருத்துவச் சட்டத்தின் அடியில் அரசு ஈடுசெய்யும் தன்மையும் உண்டு என அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

இதன் முக்கியத்துவத்தைச் சிறிது சிந்தித்தல் நன்று. உதவி என்பது அரசின் கருணையன்று, கடன் என்னும் கொள்கைக்கு நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் ஓரளவாவது இடம் தேடித்தந்தவர், சட்டவிரோதமாகக் கடல் கடந்து வந்த அந்நியர் ஒருவர். கடைசி வரிசையில் நின்றவனின் வழக்கு முதல் வரிசையில் நின்றோரின் உரிமையையும் பலப்படுத்தியது. ஆயினும், யப்பானை விட்டு வெளியேறுவோர் உதவிப் பணத்தை இழப்பர் என்ற 1974ஆம் ஆண்டின் சுற்றறிக்கை நெடுங்காலம் நிலைத்தது. குவாக் குவி-ஹூன் என்னும் மற்றொரு கொரியர் 2002இல் ஒசாக்கா மேல் நீதிமன்றத்தில் வென்ற பின்னரே, 2003இல் அது நீக்கப்பட்டது. 1970இல் பூங்காவுக்கு வெளியே நிறுவப்பட்ட கொரியரின் நினைவுக் கல் 1999இல்தான் பூங்காவுக்குள் இடம்பெற்றது. இறந்தோர்க்கும் எல்லைக்கோடு வரைந்த நிலை மாற முப்பது ஆண்டுகள் சென்றன.

1980 டிசெம்பரில் அரசு நியமித்த ஆலோசனைக் குழுவொன்று, போரினால் வரும் தியாகத்தை மக்கள் யாவரும் சமமாகப் பொறுத்துக்கொள்ளல் வேண்டும் என்ற கருத்துப்பட அறிக்கை விடுத்தது. எல்லாரும் சமமாகப் பொறுத்தல் என்ற சொற்றொடர் கேட்பதற்கு இனியது. தளபதிக்கு ஓய்வூதியமும் தாய்க்குப் பொறுமையும் வழங்கும் சமத்துவம் அது. எஞ்சியோர் நாடெங்கும் கூடி விவாதித்து, 1984இல் தமது அடிப்படைக் கோரிக்கைகளை வெளியிட்டு அதற்கு மறுமொழி கூறினர். 1994இல் பழைய சட்டங்கள் இரண்டும் ஒன்றாக்கப்பட்டுப் புதிய உதவிச் சட்டம் இயற்றப்பட்டது. உயிருடனிருப்போருக்கான உதவி விரிந்தது. மாண்டவர்க்கு அரசு ஈடுசெய்தல் என்னும் கோரிக்கை மாத்திரம் அதில் ஏற்கப்படவில்லை. 2003 முதல் முதியோர் பலர் கூட்டாக வழக்காடித் தமது நோய்களைக் குண்டின் விளைவென ஏற்கச் செய்தனர். குண்டின் பின் பெய்த ‘கருமழை’யில் நனைந்த 84 பேர் 2021இல் ஹிரோஷிமா மேல் நீதிமன்றத்தில் வெற்றி பெற்றனர். 76 ஆண்டுகளின் பின், அவர்களும் எஞ்சியோரே என்று சட்டம் ஒப்புக்கொண்டது.

2024இல் ஹிதாங்க்கியோவுக்கு நோபல் சமாதானப் பரிசு வழங்கப்பட்டது. டிசெம்பர் 10ஆம் நாள் ஒஸ்லோ நகரில் அமைப்பின் சார்பில் உரையாற்றியவர், நாகசாக்கியில் 13 வயதிற் குண்டுக்கு ஆளான தானாக்கா தெருமி. அப்போது அவருக்கு வயது 92. அணு ஆயுதங்களை ஒழிக்க வேண்டும் என்று கூறிய அவர், மாண்டவர்க்கு யப்பானிய அரசு எவ்வித ஈடும் செய்யவில்லை என்பதையும் கூறினார். பின்னர், எழுதி வைத்த உரையில் இல்லாதவாறு, அவ்வசனத்தை மீண்டும் ஒருமுறை அழுத்திச் சொன்னார். பரிசு பெறும் மேடையிலும் அவர் வழக்கை முடித்துவிடவில்லை.

அவர்களது போராட்டம் உலக அரங்கிலும் தடம் பதித்துள்ளது. அணு ஆயுதங்களைத் தடைசெய்யும் சர்வதேச உடன்படிக்கை 2017இல் ஏற்கப்பட்டு 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் முகவுரை ஹிபக்குஷா என்ற யப்பானியச் சொல்லையே கையாண்டு இம்மக்களின் துன்பத்தைக் குறிப்பிடுகின்றது. இலங்கை 2023இல் அவ்வுடன்படிக்கையில் இணைந்தது. அமெரிக்காவின் அணுப் பாதுகாப்பின் கீழ் ஒதுங்கி நிற்கும் யப்பான் அதிற் சேரவில்லை.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவது யாது? பேரழிவின் பின் வாழ்வு மீளுதல் என்பது கூரையும் கஞ்சியும் கிடைப்பதோடு முடிவதில்லை. அவை முதற்படி. தனக்கு நேர்ந்ததைச் சொல்லும் துணிவு, அதைக் கேட்கும் சமூகம், தன்னைப் போன்றோரோடு சேரும் அமைப்பு, அவ்வமைப்பின் கோரிக்கையை ஏற்கும் சட்டம் ஆகியன ஒன்றன்பின் ஒன்றாகக் கைகூடும்போதே எஞ்சியவன் முழு மனிதனாகின்றான். இவற்றுள் எதுவும் ஹிரோஷிமா மக்களுக்கு மேலிருந்து வழங்கப்படவில்லை. எனவே, சாம்பலிலிருந்து எழுந்த நகரத்தை மாணவர்க்குக் காட்டும் ஆசிரியர், அந்நகரத்தின் ஆற்றங்கரைச் சேரியையும் காட்டுதல் வேண்டும். எத்தனை பேர் இறந்தனர் என்று கேட்டபின், எஞ்சியவர்க்கு யார் என்ன கொடுத்தார், யார் எதை மறுத்தார் என்றும் கேட்டல் வேண்டும். அக்கேள்வியைக் கேட்கப் பழகிய மாணவன், தன் நாட்டிலே புயலாலும் கடலாலும் போராலும் வீடிழந்தோரைக் காணும்போது வெறும் இரக்கத்தோடு நின்றுவிட மாட்டான்.

2025 மார்ச் இறுதியில், சுகாதாரப் புத்தகம் வைத்திருந்தோரின் தொகை 99,130 ஆகக் குறைந்திருந்தது. அவர்களது சராசரி வயது 86. அத்தொகை முதன்முறையாக ஓர் இலட்சத்துக்குக் கீழே இறங்கியது. சாட்சிகள் அருகி வருகின்றனர். அவர்கள் கோரிய கடனோ இன்னும் தீர்க்கப்படாமலே உள்ளது.